அலிக்காக ஏன் அழுதேன், அக்கா?

கேள்வி: "அக்கா, எனக்கு 23 வயது. கோவையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஹாஸ்டலில் இருக்கிறேன். போன வாரம் 'ஸ்க்விட் கேம்' கொரியத் தொடரின் முதல் சீசனை மூன்று ராத்திரியில் பார்த்து முடித்தேன். ஆறாவது எபிசோடுக்கு அப்புறம் தூக்கமே வரவில்லை. கண்ணை மூடினால் அலி கூழாங்கற்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். ஜி-யோங்கை நினைத்து பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். ரூமில் இருப்பவர்கள் 'இல்லாத ஆளுக்கு அழுகிறாளே' என்று சிரிக்கிறார்கள். கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டது மெஸ் அக்கா மட்டும்தான். ஒரு தொடர் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, தலைவலி என்று சொல்லிவிட்டேன். எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்தத் தொடரில் நூற்றுக்கணக்கான பேர் சாகிறார்கள். அவர்கள் முகம்கூட எனக்கு நினைவில்லை. இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அழுகிற மனசு என்ன மனசு? நான் பலவீனமானவளா, கல்நெஞ்சுக்காரியா?"
– வாசகி, கோவை

பதில்:

அக்கா என்று தொடங்கியிருக்கிறாய். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற முறையைப் பற்றித்தான் இந்தப் பதில் முழுக்கப் பேசப்போகிறேன். உன் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான் என்று நினைக்கிறேன். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். யார் எப்படிச் செத்தார் என்று சொல்லாமல் இதை எழுத முடியாது.

முதல் விளையாட்டை நினைத்துப் பார். கடனில் மூழ்கிய 456 பேர் பெரும் பணத்துக்காகச் சின்னப் பிள்ளை விளையாட்டுகளை ஆடுகிறார்கள், தோற்றால் சாவு. எல்லாருக்கும் ஒரே பச்சை உடை, மார்பில் ஒரு எண். அசைந்தால் சுடுகிற ஐந்து நிமிட ஆட்டத்தில் 255 பேர் போய்விடுகிறார்கள். நீ அழவில்லை. நானும் அழவில்லை, பயந்தேன், அவ்வளவுதான். அந்த 255 பேரில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. செத்தவர் தலைக்கு 10 கோடி வோன் (கொரியப் பணம்) என்று கணக்குப் போட்டு, மேலே தொங்குகிற கண்ணாடிப் பன்றிக்குள் பணம் கொட்டுகிறது. காவலர்களுக்கும் பெயர் கிடையாது, முகமூடியில் வட்டம், முக்கோணம், சதுரம். மேலே இருப்பவர் அனுமதிக்காமல் வட்டம் வாய் திறக்கக் கூடாது. மனிதரை எண்ணாகப் பார்ப்பதற்கென்றே கட்டிய இடம் அது. முதல் ஒரு மணி நேரம் அந்த இடம் காட்டியபடிதான் நாமும் பார்த்தோம். அதை வைத்து உன் நெஞ்சைக் கல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.

அலி நமக்கு முதலில் அறிமுகமாவது ஒரு கையாகத்தான். கதாநாயகன் கி-ஹுன் தடுமாறி விழப்போகும்போது பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து, அசையாமல், மூச்சுக்கூட விடாமல் நிற்கிறதே, அந்தக் கை. யாரென்றே தெரியாத ஒருவனுக்காகத் தன் உயிரைப் பணயம் வைத்த கை. அலி பாகிஸ்தானிலிருந்து கொரியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவன். வேலையில் விரல்களை இழந்தவன். ஆறு மாதச் சம்பளம் வரவில்லை. இது கதைக்காகச் சேர்த்த சோகம் என்று நினைத்துவிடாதே. 2004-இல் தென்கொரியா கொண்டுவந்த வேலை அனுமதி முறையில் நேபாளம், பாகிஸ்தான், இலங்கை என்று பல நாடுகளிலிருந்து ஆட்கள் அங்கே போகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வேறு முதலாளியிடம் போகும் உரிமை அவர்களுக்குச் சுலபத்தில் கிடைப்பதில்லை.

அலி எதிரே வருகிற எல்லாரையும் 'சஜாங்நிம்' என்றுதான் கூப்பிடுவான், கவனித்தாயா? கம்பெனித் தலைவர் என்று பொருள். நம் 'முதலாளி', 'ஓனர்' மாதிரி. வெளிநாட்டுத் தொழிலாளி அங்கே போய் இறங்கியதும் கற்றுக்கொள்கிற முதல் சொற்களில் ஒன்று. கொரிய டிவியில் ஒரு நகைச்சுவைக் கலைஞர் இலங்கைத் தொழிலாளி வேடம் போட்டு 'சஜாங்நிம் கெட்டவர்' என்று சொல்லிச் சொல்லியே ஒரு காலத்தில் பிரபலமானார். நாடு சிரித்த அந்தச் சொல்லை அலி வாயில் வைத்து, நம்மை அழவைத்திருக்கிறார் இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹியுக்.

உயிர் பிழைத்தவர்கள் இடையில் வெளியே வந்த சமயத்தில், கி-ஹுனின் தெருக்காரனான இன்னொரு போட்டியாளன் சாங்-வூ, அலிக்கு ராம்யோன் நூடுல்ஸ் வாங்கிக் கொடுக்கிறான், வீட்டுக்கு நடந்தே போகப்போகிறேன் என்பவனிடம் பஸ் காசு கொடுக்கிறான். அந்தச் சின்ன உதவியை அலி மறப்பதே இல்லை. பிறகு ஒரு நாள் சாங்-வூ சொல்கிறான்: சஜாங்நிம் வேண்டாம், 'ஹியுங்' என்று கூப்பிடு.

ஹியுங் என்றால் அண்ணன். ஓர் ஆண் தன்னைவிட மூத்த ஆணைக் கூப்பிடுகிற முறை. ஒரு வயது மூத்தவரைக்கூட வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட அவர்கள் தயங்குவார்கள். நமக்கு இது புதிதில்லை. முதலாளி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்கு அண்ணா என்று கூப்பிட இடம் கிடைத்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? அலி முகத்தில் அந்தச் சந்தோஷத்தை நீ பார்த்திருப்பாய். அலியாக நடித்த அனுபம் திரிபாதி டெல்லியில் பிறந்தவர், உதவித்தொகையில் கொரியா போய் நடிப்புப் படித்தவர். அந்த மொழியில் வெளியாளாக நின்று ஒவ்வொரு சொல்லாகக் கற்றவர் என்பதால்தானோ என்னவோ, அவர் 'ஹியுங்' என்று சொல்லும்போது நடிப்பு மாதிரியே தெரியவில்லை.

அந்தச் சொல்லை வைத்துத்தான் அவன் கழுத்தை அறுக்கிறான் சாங்-வூ. இருவர் இருவராக ஆடி, தோற்றவர் சாகிற கோலி ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தவன், அலியின் கோலிகளை எடுத்துக்கொண்டு கூழாங்கல் போட்ட பையைத் தன் கையாலேயே அலியின் கழுத்தில் கட்டிவிடுகிறான். அலி திரும்பி வந்து 'சாங்-வூ ஹியுங்' என்று கூப்பிடுகிறான். பதில் இல்லை. அண்ணா என்று கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராமல் போனதுதான் உன் கண்ணை மூடவிடாமல் செய்கிறது.

ஜி-யோங்குக்கு வருவோம். அந்தப் பெண் தொடரில் வருவதே கொஞ்ச நேரம்தான். ஆனாலும் அவளாக நடித்த லீ யூ-மிக்கு 2022-இல் எம்மி விருது கிடைத்தது. அவள் ஜோடியாகச் சேர்வது வடகொரியாவிலிருந்து தப்பி வந்த சே-பியோக்கோடு. சே-பியோக் என்றால் விடியல். தெற்கில் பிழைப்பதற்காகத் தன் பேச்சு வழக்கையே மறைத்து வாழ்கிறவள். அநாதை இல்லத்தில் தம்பியைப் பார்க்கும்போது மட்டும் வடக்குப் பேச்சு தானாக வந்துவிடும். எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அவளுக்கு வசதியாகக்கூட இருந்தது.

ஆளுக்குப் பத்துக் கோலி, முப்பது நிமிடம். மற்றவர்கள் கெஞ்சிக்கொண்டும் ஏமாற்றிக்கொண்டும் இருக்க, இவர்கள் படியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். வெளியே போனால் என்ன செய்வாய்? ஜெஜு தீவுக்குப் போக வேண்டும். இரண்டு பெண்கள் ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான் இருக்கிறது. பெயரைக் கேட்டபோது தனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, வெறும் ஜி-யோங்தான் என்கிறாள். அம்மாவைக் கொன்ற அப்பாவின் பெயர் அவளுக்கு வேண்டாம். கடைசியில் தன் கோலியை வீசாமல் காலடியில் நழுவவிடுகிறாள். போகும்போது சொல்வது 'என்னோடு விளையாடியதற்கு நன்றி'. வாழ்க்கையில் யாருமே விளையாடக் கூப்பிடாத ஒருத்தி சொல்கிற நன்றி அது. பஸ்ஸில் அழாமல் வேறு எங்கே அழுவாய், சொல்.

நான் இந்தத் தொடரை இரண்டு முறை பார்த்தேன். இரண்டாம் முறை என்னை அதிகம் தொந்தரவு செய்தவர் 001, அந்தக் கிழவர். தன் பெயரே மறந்துவிட்டது என்பவர், கோலி ஆட்டத்தின் முடிவில்தான் பெயரைச் சொல்கிறார்: ஓ இல்-நாம். 'இல்' என்றால் ஒன்று, 'நாம்' என்றால் ஆண். பெயருக்குள்ளேயே எண் இருக்கிறது! இந்த விளையாட்டையே நடத்துபவர் அவர்தான் என்ற உண்மை தெரிந்த பிறகு, அவர் அன்று சிந்திய கண்ணீர் பொய் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லார் பெயரையும் பிடுங்கி எண் கொடுத்த மனிதர், சாகிற வயதில் தன்னை ஒருவன் 'கான்பு' என்று கூப்பிட வேண்டும் என்று ஏங்குகிறார். கான்பு என்றால் சின்ன வயதில் எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொள்கிற கூட்டாளி. அந்த ஏக்கம் நிஜம். அதற்காக அவரை மன்னிக்க முடியுமா என்றால், என்னால் முடியாது.

சாங்-வூவை நீ கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. கோபமாக இருக்கும், புரிகிறது. ஆனால் அவனையும் கொஞ்சம் பார். சாங்-முன்-டோங் தெருவின் பெருமை, சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பிடித்துச் சேர்ந்தவன் – கி-ஹுன் அவனைப் பற்றி எப்போது பேசினாலும் இதைத்தான் சொல்வான். மீன் விற்கிற அம்மாவும் அதையே சொல்லிப் பூரிக்கிறாள். பட்டமாகவே கூப்பிடப்பட்டவன் அவன். இயக்குநரும் அதே சாங்-முன்-டோங்கில் வளர்ந்து அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். கி-ஹுன், சாங்-வூ இருவரும் தன்னுடைய இரண்டு பக்கங்கள் என்று சொல்லியிருக்கிறார். 2009-இல் எழுதி முடித்த இந்தக் கதையில் பணம் போட ஏறக்குறைய பத்து வருடம் ஆள் கிடைக்கவில்லை. 2021 செப்டம்பரில்தான் வெளியானது. அதே 2009-இல்தான் சாங்யோங் கார் தொழிற்சாலையில் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் 77 நாள் போராடினார்கள். வேலை இழந்த கார் தொழிலாளியான கி-ஹுனின் கடந்த காலம் அதிலிருந்து வந்தது.

கடைசி ஆட்டத்தில், மழையில் கிடந்து சாங்-வூ என்ன சொல்கிறான்? சின்ன வயதில் இப்படி விளையாடிக்கொண்டிருந்தால் அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள், இப்போது யாரும் கூப்பிடுவதில்லை என்கிறான். அப்போது அவன் கி-ஹுனைக் கூப்பிடுவதும் 'ஹியுங்' என்றுதான். அலியிடம் பயன்படுத்திய அதே சொல். நான் அந்த இடத்தில் தொடரை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இன்னும் பேர் இருக்கிறார்கள். 212-ஆம் எண் மி-நியோ, பிறந்த குழந்தைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, விட்டுவிடுங்கள் என்று கதறுவாள். அது நிஜமா என்று கடைசி வரை நமக்குத் தெரியாது. ரௌடி டோக்-சு, விளையாட்டை வேடிக்கை பார்க்க வரும் தங்க முகமூடிப் பணக்காரர்கள் எல்லாம் எனக்கு மனதில் நிற்கவில்லை. இரண்டாவது சீசன் பார்ப்பாயானால் ஹியுன்-ஜுவைக் கவனி. பெண்ணாக மாறியதால் ராணுவ வேலையை இழந்த திருநங்கை அவள். அவளை யோங்-மி என்ற சின்னப் பெண் 'ஒன்னி' என்று கூப்பிடுவாள். ஒரு பெண் தன் அக்காவைக் கூப்பிடுகிற சொல். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

என் முதல் வேலையில் எனக்கும் ஒரு டோக்கன் நம்பர் இருந்தது. சூப்பர்வைசர் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். கேன்டீனில் டீ கொடுத்த அம்மா மட்டும் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு டம்ளரை நீட்டுவார். முப்பது வருடம் ஆகிவிட்டது, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. நீ புது ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அங்கே உன்னை வீட்டில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட ஆள் இருக்கிறதா என்று தெரியவில்லை. அலிக்காக அழுததில் கொஞ்சம் உனக்காகவும் அழுதிருக்கலாம். அது பலவீனம் இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இந்த மாதிரித் தொடர்களை எல்லாரும் தூங்கிய பிறகு தனியாக, அடுத்தடுத்துப் பார்க்காதே. ஒரு நாளுக்கு ஒரு எபிசோடு, வெளிச்சம் இருக்கும்போது பார். படுக்கப் போகுமுன் வீட்டுக்கு போன் போட்டு ஏதாவது பேசு. இரண்டு வாரம் கழித்தும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் வெட்கப்படாமல் மருத்துவரைப் பார். அழுததற்காக அல்ல, தூக்கத்துக்காக. சிரிக்கிற ரூம் தோழிகளோடு சண்டை வேண்டாம். அவர்களில் யாராவது ஒருத்தியோடு ஆறாவது எபிசோடை மறுபடி சேர்ந்து பார்த்தாலும் நல்லதுதான்.

இன்னொன்றும் செய். வீங்கிய கண்ணைக் கவனித்தவர் அந்த மெஸ் அக்கா ஒருவர்தான். அவரிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டாய். நாளைக்குச் சாப்பாட்டு நேரம் முடிந்து அவர் உட்கார்ந்திருக்கும்போது போய் அலியின் கதையைச் சொல். சம்பளம் வராத ஆறு மாதத்திலிருந்து ஆரம்பி, அவருக்குச் சட்டென்று புரியும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. அவர் பெயரையும் சேர்த்து எழுது.