சட்டம் கேளுங்கள்: பவர் பத்திரம் கடைசிவரை கைகொடுக்குமா?

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வயது 76. மறதி நோயின் ஆரம்ப நிலை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை, ஒரு வீடு, பென்ஷன் ஆகியவை இருக்கின்றன. தம்பி பெயருக்கு ஜெனரல் பவர் எழுதிவிட்டால் பிற்பாடு அவன் பார்த்துக்கொள்வான் என்கிறார் பெரியப்பா. அது போதுமா? “எனக்குக் குழாய் மாட்டிப் படுக்கப் போட்டுவிடாதீர்கள்” என்றும் அப்பா சொல்கிறார்.
- வாசகி, வீரவநல்லூர்

பதில்: போதாது. பெரியப்பா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவு, எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் பவர் முடிந்துவிடும் என்கிறது. எந்த நாளுக்காக எழுதுகிறீர்களோ அந்த நாளில் அது செல்லாது. சில வெளிநாடுகளில் மனத்தெளிவு போன பிறகும் நிற்கிற பவர் உண்டு. இங்கே இல்லை. இது தெரியாமல், அம்மாவுக்கு நினைவு தப்பிய பிறகு பழைய பவரை வைத்து மகன் வயலை விற்று, வாங்கியவரும் உடன்பிறந்தவர்களும் கோர்ட் படி ஏறிய வழக்குகளை எங்கள் பக்கத்திலேயே பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நோயின் பெயரைச் சொன்ன அன்றே அப்பாவின் உரிமை போய்விடவில்லை. தான் செய்வது என்னவென்று அவருக்குப் புரிகிறவரை கையெழுத்து அவருடையது, முடிவும் அவருடையது. ஆகவே நீங்களும் தம்பியும் பேசி முடித்துவிட்டு அவரிடம் காகிதத்தை நீட்டாதீர்கள். வக்கீலிடம் அவரே தனியாகப் பேசட்டும்.

சொத்துக்கு உயில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். பங்கு பெறுகிறவர் சாட்சியாக நிற்கக்கூடாது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அன்றைய தேதியிலேயே, தெளிவாக இருக்கிறார் என்று டாக்டரிடம் சான்று வாங்குங்கள். நாளைக்கு யாராவது உயிலை எதிர்த்தால் அந்த ஒரு தாள் பெரிய பலம். ஆனால் உயில் அவர் காலத்துக்குப் பிறகுதான் பேசும். உயிரோடிருக்கையில் வயலை இன்னொருவர் நிர்வகிக்க வேண்டுமானால், இப்போதே ஒரு தனியார் அறக்கட்டளைப் பத்திரம் பதிந்து அறங்காவலர்களை நியமிக்கலாம். செட்டில்மென்ட், அதாவது சொத்தை இப்போதே பிள்ளைகள் பெயருக்கு மாற்றிக் கொடுக்கும் பத்திரம், எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், அவர் ஆயுள்வரை அனுபவ உரிமையையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்போதுதான் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் கைகொடுக்கும்.

வங்கியில் நாமினி போட்டிருக்கிறது என்பதற்காக, அந்த நாமினி இப்போதே அப்பாவின் பணத்தை எடுத்துவிட முடியாது. நாமினிக்கு வேலை மரணத்துக்குப் பின்தான். அம்மா இருந்தால் கணக்கை இருவர் பெயரிலும், யாராவது ஒருவர் இயக்கும்படி மாற்றுங்கள்.

குழாய் பற்றிய பேச்சை அலட்சியப்படுத்தாதீர்கள். மீள வழியில்லாத நிலையில் இன்ன சிகிச்சை வேண்டாம் என்று எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018இல் இடம் கொடுத்தது; 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும். தனக்காகப் பேச வேண்டியவர்களின் பெயரையும் அதிலேயே எழுதலாம். ஒரு நகலைக் குடும்ப டாக்டரிடம் கொடுங்கள்.

இவை எதுவும் செய்யாமல் விட்டால், காப்பாளராக நியமிக்கக் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக நேரும். மருத்துவ அறிக்கை, விசாரணை, வாரிசுகளின் சம்மதம் என்று அது நீளும். ஆகையால் இந்த மாதமே, அப்பா தெளிவாக இருக்கிற காலை வேளையாகப் பார்த்து, சொத்துப் பத்திரங்களோடு வக்கீலைப் பாருங்கள்.