குடிக்கிற நாளில் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. ரப்பர் பால்வெட்டுத் தொழில். நான்கு வருடத்துக்கு முன் தூக்கமே இல்லாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, கண்டபடி கடன் வாங்கிச் செலவழித்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் பைபோலார் நோய் என்றார்கள். காலையும் இரவும் லித்தியம், இரவில் குவெட்டியாபின் சாப்பிடுகிறார். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் சனிக்கிழமை கூலி கைக்கு வந்தால் ஒரு குவார்ட்டர் குடிப்பார். ‘மாத்திரையும் சரக்கும் சேர்ந்தால் விஷம்’ என்று அன்று இரவு மாத்திரை போடமாட்டார். சில வாரம் ஞாயிற்றுக்கிழமையும் போடுவதில்லை. களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போய்க் கள்ளு குடித்தால் ஒன்றும் செய்யாது என்றும் சொல்கிறார். இது சரியா டாக்டர்?
– வாசகி, குலசேகரம்

பதில்: சகோதரி, இரண்டும் சேரக்கூடாது என்று அவர் பயப்படுவது நியாயம்தான். ஆனால் இரவு மாத்திரையை விட்டுவிட்டால் இரண்டும் சேராது என்று நினைக்கிறாரே, அது நடக்காது. காலையில் போட்ட லித்தியம் மாலையிலும் ரத்தத்தில் இருக்கும். அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஆகவே சனிக்கிழமை இரவு மதுவும் மருந்தும் எப்படியும் சந்திக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையும் விட்டால், திங்கட்கிழமை நோயைத் தடுத்து நிறுத்த வேண்டிய மருந்து உடம்பில் போதாமல் போகிறது.

லித்தியம் அளவு பார்த்துக் கொடுக்கிற மருந்து. பெரும்பாலானவர்களுக்கு லிட்டர் ரத்தத்தில் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். குறைந்தால் நோய் திரும்பும்; 1.5-ஐத் தாண்டினால் மருந்தே நஞ்சாகத் தொடங்கும். மது சிறுநீரை அதிகம் போக்கி உடம்பை வற்றவைக்கும். வாந்தியும் சேர்ந்தால் இன்னும் வற்றும். அப்போது சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுநாள் தலைவலி, உடம்புவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் வாங்கிப் போட்டால் அளவு மேலும் ஏறும்.

நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்: லித்தியம் மிஞ்சிய ஆளும் குடித்த ஆளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பார்கள். நாக்குக் குழறும், நடை தள்ளாடும், கை வெடவெடவென்று நடுங்கும், வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும். ‘போதை, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். குடித்து அரை நாள் கழிந்த பிறகும் இந்த அடையாளங்கள் இருந்தால் காத்திருக்காதீர்கள். அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, அருகில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ போய் ‘லித்தியம் சாப்பிடுகிறவர்’ என்பதை முதலில் சொல்லுங்கள்.

குவெட்டியாபின் தூக்கத்தைத் தருகிற மருந்து. மதுவோடு சேரும்போது ரத்த அழுத்தம் இறங்கி, எழுந்து நிற்கும்போது விழுந்துவிடலாம். ஆழ்ந்த மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் போகலாம். அவரிடம் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தருகிற குளோனாசிபாம், அல்பிரசோலாம் போன்ற மாத்திரை எதுவும் இருந்தால் குடித்த இரவில் தொடவே கூடாது, மூச்சே அடங்கிப்போகலாம். தட்டி எழுப்பியும் எழாதவர் வாயில் எந்த மாத்திரையையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

நாலு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி; அதில் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஈரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் எரிக்கும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்தால், பால் வெட்டப் போக வேண்டிய மூன்று மணிக்கும் போதை முழுதாக இறங்கியிருக்காது. தலையில் விளக்கு, கையில் கூர்மையான கத்தி, சரிவான தோட்டம். அந்த நிலையில் அவர் இருட்டில் நடப்பதை நினைத்தால் எனக்கு மனசு பதறுகிறது. ஏற்கெனவே குறைந்த தூக்கம் உள்ள தொழில் அவருடையது. மது தூங்கவைப்பதுபோல் தோன்றினாலும் பின்னிரவில் தூக்கத்தைக் கெடுக்கும். பைபோலார் நோய் திரும்புவதற்குத் தூக்கக்கேடு ஒன்றே போதும்.

கள்ளிலும் ஆல்கஹால்தான். வீரியம் குறைவு என்பதால் கூடுதலாகக் குடிப்பார்கள், கணக்கு அங்கேயே வந்து நிற்கும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய புது அக்கானி (பதநீர்) வேறு; அதைக் குடிக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். குடியை நிறுத்த ‘சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று யாராவது பொடியோ மாத்திரையோ தந்தால் வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் இருக்கலாம். அது உடம்பில் இருப்பது தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்துக்கூட இப்படி ஆகலாம்.

அவர் நிறுத்தவேண்டியது குடியை, மாத்திரையை அல்ல. விட்டுப்போன வேளைக்குச் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாகவும் போடக்கூடாது. வாரம் ஒரு நாள் குடிப்பவர் அப்படியே நிறுத்திவிடலாம். தினமும் குடிப்பவராக இருந்தால் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். அவர் குடிப்பது சனிக்கிழமை மட்டும்தானா என்று நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

அடுத்த முறை அவருடைய மனநல மருத்துவரைப் பார்க்கும்போது நீங்களும் கூடப் போங்கள். குடியையும் விட்ட மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்; திட்டுவார்கள் என்று அவர் கூச்சப்பட்டால் நீங்கள் சொல்லுங்கள். லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு ரத்தப் பரிசோதனைகளைக் கேளுங்கள். என்றாவது குடித்துவிட்டு வந்தால் அன்றிரவு எந்த மாத்திரை கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் சந்தேகம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.