பத்துக்கு ஒன்பது வாங்கிய கேம் என் வீட்டில் ஏன் திணறுகிறது?

கேள்வி: என்னிடம் பழைய பிஎஸ்4 கன்சோல் இருக்கிறது. அண்மையில் ஒரு புதிய கேமை வெளியான அன்றே, ஏறத்தாழ நான்காயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதற்கு முன் படித்த விமர்சனங்கள் எல்லாம் பத்துக்கு ஒன்பது என்றன. என் வீட்டிலோ அது அடிக்கடி உறைந்து நின்றுவிடுகிறது. விமர்சகர்கள் காசு வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறார்களா? இனி யாரை நம்பி வாங்குவது?

பதில்: விமர்சகர் காசு வாங்கினாரா என்று ஆராய்வதற்கு முன், அவர் எந்தப் பதிப்பை, எந்தக் கருவியில், யார் விதித்த நிபந்தனையின்கீழ் விளையாடினார் என்பதைப் பாருங்கள். உங்களைப் போன்ற வாசகர்கள் ஏமாந்த பெரும்பாலான தருணங்களுக்கு விளக்கம் அங்கேதான் கிடைக்கிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று 'சைபர்பங்க் 2077'. அந்த கேம் 2020 டிசம்பர் 10 அன்று விற்பனைக்கு வந்தது. மூன்று நாள் முன்னதாக, டிசம்பர் 7 அன்று, விமர்சனங்களை வெளியிட அனுமதி கிடைத்தது. ஆனால் விமர்சகர்களுக்கு முன்கூட்டித் தரப்பட்டவை கணினிக்கான (பிசி) பதிப்பின் பிரதிகள் மட்டுமே. வீடியோ விமர்சனங்களில்கூடத் தாங்கள் விளையாடிய காட்சிகளைக் காட்டாமல், கேமைத் தயாரித்த சிடி புராஜெக்ட் நிறுவனம் கொடுத்த காட்சிகளையே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருந்தது. திறன் மிக்க கணினிகளில் விளையாடியவர்கள் கண்டதை எழுதினார்கள். பல இதழ்களின் மதிப்பெண்களைத் தொகுத்து நூற்றுக்குச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் அது 90ஐ ஒட்டி நின்றது. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருந்தவர்கள் விளையாடத் தொடங்கியபோதுதான் உண்மை நிலை வெளிப்பட்டது. டிசம்பர் 14 அன்று, பழைய கன்சோல்களில் கேம் எப்படி ஓடுகிறது என்பதை முன்கூட்டியே காட்டாமல் விட்டதற்கு நிறுவனமே மன்னிப்புக் கேட்டது; அதே வாரத்தில் சோனி தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து அதை நீக்கியது; அது மீண்டும் அங்கே விற்பனைக்கு வர 2021 ஜூன் ஆயிற்று. இதில் எந்த விமர்சகரும் லஞ்சம் வாங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. எதைப் பார்க்கலாம், எதைக் காட்டலாம் என்பதை விற்பவரே தீர்மானித்தது போதுமானதாக இருந்தது. ஆயினும், 'கன்சோல் பதிப்பை நாங்கள் பார்க்கவில்லை' என்ற வரியைக் கட்டுரையின் தலைப்பிலேயே போட்டிருக்க வேண்டிய இதழ்கள் அதை எங்கோ ஓர் ஓரத்தில் வைத்ததை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

வெளியீட்டுக்கு முன்பே விமர்சகருக்கு நிறுவனம் தரும் முன்பிரதி என்பது உரிமையன்று, சலுகை. பிடிக்காத செய்தியை வெளியிட்டால் அது நின்றுபோகலாம். ரகசியமாகத் தயாரிப்பில் இருந்த கேம்களைப் பற்றி எழுதியதால் கேம் வெளியீட்டு நிறுவனங்களான பெதஸ்டாவும் யூபிசாஃப்டும் தங்களை ஒதுக்கி வைத்துவிட்டதாக 2015இல் கொட்டாக்கு என்ற கேம் செய்தித் தளம் வாசகர்களிடம் வெளிப்படையாகச் சொன்னது. அடுத்த ஆண்டில் பெதஸ்டா, வெளியீட்டுக்கு ஒரு நாள் முன்புதான் எவருக்கும் பிரதி தருவோம் என்று அறிவித்தது. ஐம்பது மணி நேரம் ஓடும் ஒரு கேமை ஒரே நாளில் முடித்து எழுதுவது எப்படி என்பதை அவர்கள் விளக்கவில்லை.

பணம் அறவே நுழைவதில்லை என்று நான் சொல்லவில்லை. 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் என்ற கேம் விமர்சனத் தளத்தின் ஆசிரியர் ஜெஃப் கெர்ஸ்ட்மன், 'கேன் அண்ட் லின்ச்' என்ற கேமுக்குப் பத்துக்கு 6 கொடுத்தபோது, அதே தளம் முழுவதும் அந்த கேமின் விளம்பரம் நிறைந்திருந்தது. சில நாட்களில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். விளம்பரதாரர்களின் அழுத்தமே அதற்குப் பின்னணி என்பதை 2012இல் அவரே விவரித்தார். யூடியூப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' கேமுக்காக 2014இல் அதை வெளியிட்ட வார்னர் நிறுவனம் பிரபல யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்தது. குறைகளையோ பிழைகளையோ காட்டக் கூடாது என்பது நிபந்தனைகளில் ஒன்று. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தலையிட்டு, 2016இல் அந்நிறுவனத்துடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. இந்தியாவிலும் விளம்பரத் தரநிலைக் கவுன்சில் 2021 முதல், பணம் பெற்றுப் போடும் பதிவுகளில் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது; ஆகவே நீங்கள் பார்க்கும் தமிழ் சேனலிலும் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று தேடுவதில் தவறில்லை.

வாசகர்களாகிய நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 'சைபர்பங்க்' கேமுக்கு கேம்ஸ்பாட் 7 மதிப்பெண் கொடுத்தபோது, அதை எழுதியவரைத் திட்டித் தீர்த்தவர்கள் அந்த கேமை இன்னும் தொட்டுக்கூடப் பார்த்திராத ரசிகர்கள். 2006இல் அதே தளம் 'ட்வைலைட் பிரின்சஸ்' கேமுக்கு 8.8 கொடுத்ததற்கே பெரும் சண்டை நடந்தது. எட்டைத் தோல்வியாகக் கருதும் வாசகர்கள் இருக்கும்வரை, தயங்கும் விமர்சகர் ஒன்பதின் பக்கமே சாய்வார். தயாரிப்பவர்களுக்கும் அந்த எண் வெறும் எண்ணன்று: 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' கேமுக்கு மெட்டாகிரிட்டிக் சராசரி 85 வந்திருந்தால் அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை கிடைத்திருக்கும், வந்தது 84.

உங்கள் அடுத்த கொள்முதலுக்கு வருவோம். விமர்சனத்தைத் திறந்ததும் மதிப்பெண்ணுக்குப் போகாமல், எந்தக் கருவியில் விளையாடப்பட்டது, பிரதி எங்கிருந்து வந்தது என்ற குறிப்பைத் தேடுங்கள். அது பெரும்பாலும் கட்டுரையின் இறுதியில் இருக்கும். உங்களிடமுள்ள அதே கன்சோலின் பெயர் அங்கே இல்லையென்றால், அந்த ஒன்பது உங்களுக்குரிய ஒன்பது அன்று. வெளியீட்டு நாள் விடிந்தும் ஒரு விமர்சனம்கூட வராத கேம் என்றால் கட்டாயம் பொறுத்திருங்கள். ஒரு வாரம் கழித்து, பழைய கருவிகளில் ஓட்டிப் பார்த்து திரையில் விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (படச்சட்டம்) வருகிறது என்று அளந்து காட்டும் டிஜிட்டல் ஃபவுண்ட்ரி போன்றவர்களின் வீடியோக்கள் வரத் தொடங்கும். உங்கள் சிக்கலுக்கு அவையே நேரடி மருந்து. ரசனை பற்றிய கேள்விக்கு, பத்து இதழ்களின் சராசரியைவிட, உங்களுக்கு ஒத்துப்போகும், அல்லது ஒருபோதும் ஒத்துப்போகாத, இரண்டு விமர்சகர்களைத் தொடர்ந்து படிப்பது பயன் தரும். நான் பெரிதும் நம்பும் ஒருவர் ரசித்த கேம்கள் எனக்கு அநேகமாகப் பிடிப்பதே இல்லை.

வாங்கிய பிறகான காப்பும் கடைக்குக் கடை மாறுகிறது. கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக வாங்கினால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் அவகாசம் இருந்தாலும், பதிவிறக்கத்தைத் தொடங்கிய கணத்திலேயே பொதுவாக அது முடிந்துவிடும். பழுதான பொருள் என்றால் மட்டுமே விதிவிலக்கு. உங்கள் கேம் உறைந்து நிற்பதை வீடியோவாகப் பதிவு செய்து, அந்த விதிவிலக்கின் பெயரில் வாடிக்கையாளர் சேவைக்கு இன்றே எழுதுங்கள்.