கிழக்குக் கடற்கரையில் பாசிக்குடாவில் காலையில் சுழியோடிவிட்டு அன்று மாலையே மலையிலுள்ள நுவரெலியாவுக்குப் போகலாமா? 'பெண்ட்ஸ்' (சுழியோடி மேலே வந்தபின் உடலுக்குள் வாயுக் குமிழிகள் உண்டாவதால் வரும் நோய்) மிக ஆழமாகப் போகிறவர்களுக்குத்தானே வரும்?

போகாதீர்கள். நான் போய்ப் பட்டவன்.

சில ஆண்டுகளுக்கு முன், பாசிக்குடாவில் ஒரே காலையில் இரண்டு முறை இறங்கினேன். முதலாவது, பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலின் சிதைவுக்கு. ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அதே 1942 ஏப்ரல் 9இல் போனது அதுவும். ஹேர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, நம்மைப் போன்ற பொழுதுபோக்குச் சுழியோடிகளின் 40 மீட்டர் எல்லைக்கு அப்பால். பிரிட்டிஷ் சார்ஜன்ட் சுமார் 24 மீட்டரில்தான். எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று கணக்கிடும் சுழியோடிக் கணினி காட்டிய நேரத்தை நான் மீறவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மச்சானின் வான் வண்டியில் செங்கலடியால் பதுளை வீதியைப் பிடித்தோம். மலையிலுள்ள பண்டாரவளையில் ஒரு கல்யாணம்.

பசறை தாண்டியதும் இடது தோள்மூட்டுக்குள் வலி. சிலிண்டர் தூக்கியதால் என்றான் மச்சான். நானும் நம்பினேன், மாமி தைலம் தேய்த்துவிட்டார். இரவு விரல்கள் விறைத்தபோதுதான் பயம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன், பிறகு காற்றமுக்கத்தைக் கூட்டிய அறைக்குள் வைத்து அமுக்க அறைச் சிகிச்சை. கல்யாணத்தை நான் பார்க்கவில்லை.

கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அமுக்கம் கூடுகிறது. 24 மீட்டரில் நாம் இழுக்கும் காற்று கரையிலுள்ளதைவிட 3.4 மடங்கு அமுக்கத்தில் இருக்கிறது. அதிலுள்ள நைதரசனை உடல் எதற்கும் பயன்படுத்துவதில்லை, அது இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து தங்கிவிடுகிறது. மெதுவாக ஏறினால் நுரையீரல் வழியாக வெளியேறும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே, 5 மீட்டரில் 3 நிமிடம் நில் என்று சொல்வது அதற்காகத்தான். விசுக்கென்று ஏறினால் சோடாப் போத்தலைத் திறந்த கதை, கரைந்திருந்தது குமிழிகளாகிவிடும். ஆழம் மட்டுமல்ல, கீழே இருந்த நேரமும் கணக்கு. 18 மீட்டரிலும் வரலாம். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் அட்டவணையும் கணினியும் ஆபத்தைக் குறைக்கின்றன, அழிப்பதில்லை. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் படகில் காய்ந்திருந்தேன் என்பது கணினிக்கு எப்படித் தெரியும்?

படகில் ஏறியபின்னும் நைதரசன் மிச்சமிருக்கிறது. மலை ஏறுவது, கடலிலிருந்து மேலே வருவதை நிறுத்தாமல் தொடர்வதுதான். விமானத்துக்குள் அமுக்கம், அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள அளவுக்குக் குறையும். நுவரெலியா 1,868 மீட்டர். ஆகவே 600 மீட்டருக்கு மேல் போவதானால் சுழியோடியபின் விமானம் ஏறுவதற்கான விதியையே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முறை இறங்கினால் குறைந்தது 12 மணி நேர இடைவெளி, பல முறை இறங்கினால் 18. நான் 24 விடுகிறேன்.

மூட்டு வலி, விறைப்பு, தலைச்சுற்று, தோலில் தடிப்பு, காரணமில்லாத களைப்பு, எது வந்தாலும் ஒட்சிசன் கேளுங்கள், சுழியோடியதை வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள். சரிப்படுத்த மீண்டும் கடலில் இறங்குவது மகா மடைத்தனம்.

பயணத்தைத் திருப்பிப் போட முடியுமானால், நுவரெலியாவை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்கு வாருங்கள்.