பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு பி.இ. சேரலாமா?

வணக்கம் தங்கச்சி. இயற்பியல் இறுதியாண்டு, எலெக்ட்ரானிக்ஸில் ஆர்வம், எம்.எஸ்சி.யா பி.இ.யா என்று கேட்டிருக்கிறீர்கள். பி.இ. என்றால் முதல் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டுமே என்ற கவலை வேண்டாம். பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால், லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மூன்றே வருடம். ஆனால் விடுபட்ட முதலாண்டுப் பாடங்களில் இன்ஜினியரிங் கிராபிக்ஸும் (பொறியியல் வரைபடம்) மெக்கானிக்ஸும் இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்து முடிக்க வேண்டியிருக்கும். டிராயிங் போர்டே தொடாதவர்களுக்கு கிராபிக்ஸ்தான் தலைவலி, லீவிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

இன்னொரு வழி, எம்.எஸ்சி. முடித்து, கேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வில் இயற்பியல் தாள் எழுதி எம்.டெக். போவது. டெல்லி ஐஐடியில் அப்ளைடு ஆப்டிக்ஸ் (பயன்பாட்டு ஒளியியல்) அப்படிப்பட்ட படிப்புதான். ஆராய்ச்சிக்கு அருமையான பாதை. ஆனால் பல நிறுவனங்களின் இன்ஜினியர் பணி அறிவிப்பில் 'பி.இ./பி.டெக்.' என்றே போட்டிருப்பார்கள்; அங்கே எம்.டெக். மட்டும் இருந்தால் சிக்கல் வரலாம்.

வீட்டில் உங்களைச் சீக்கிரம் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள் என்கிறீர்கள், அதனால் இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) லேட்டரலுக்குத்தான் என் ஓட்டு. செமிகண்டக்டர் பாடம் வரும்போது உங்கள் குவாண்டம் மெக்கானிக்ஸ் நன்றாகக் கைகொடுக்கும். அப்துல் கலாமும் திருச்சியில் இயற்பியல் முடித்துத்தான் சென்னை எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) போனார்.