கதவு சாத்திய பிறகு நடந்ததை யார் எழுதுவது?

மதிப்புக்குரிய ஐயா,

கோவையில் ஒரு பப்ளிக் லிமிடெட் கம்பெனியில் இரண்டு வருடமாக கம்பெனி செக்ரட்டரியாக இருக்கிறேன். பங்குச்சந்தையில் பட்டியலிடாத கம்பெனி. போன வாரம் நடந்த போர்டு மீட்டிங்கில் கடைசி ஐட்டம், எம்.டி.யின் (நிர்வாக இயக்குநரின்) மறுநியமனம். அது வந்ததும் சேர்மன், "ஒரு பத்து நிமிஷம் வெளியே இருங்கம்மா" என்றார். எம்.டி.யும் நானும் வெளியே வந்தோம். முக்கால் மணி நேரம் கதவு திறக்கவில்லை. உள்ளே பேசியது எதுவும் மினிட்ஸில் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பில்) வேண்டாம் என்றார் சேர்மன். மறுநாள் கூப்பிட்டு, சம்பளத்தைக் குறைத்து மறுநியமனம் என்று ரெசல்யூஷன் எழுதச் சொன்னார். அன்று சாயங்காலமே ஒரு டைரக்டர் போன் செய்து, "நான் ஒத்துக்கலைன்னு போட்டுடுங்க" என்கிறார். நான் கேட்காத ஒன்றை எப்படி எழுதுவது? என் பெயரைப் போட வேண்டாம்.

- ச.

அன்புள்ள ச.,

கேட்காததை எழுதாதீர்கள். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை வெற்றிடமாகவும் விடாதீர்கள்.

எனக்கு இது நடந்திருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நூற்பாலையில் செக்ரட்டரியாக இருந்தேன். இதே மாதிரி வெளியே அனுப்பினார்கள். வராந்தா பெஞ்சில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்ததும் சேர்மன் சொன்ன ஒரு வரியை அப்படியே எழுதிக்கொண்டேன்: "விவாதத்துக்குப் பிறகு சேர்மனின் யோசனைப்படி செய்வதென முடிவானது." எந்த யோசனை என்று நான் கேட்கவில்லை. சில வருடங்களில் ஆலையை நடத்திய அண்ணன் தம்பிக்குள் பிரிவினை வந்தது, வழக்கு அப்போது கம்பெனித் தகராறுகளை விசாரித்த கம்பெனி லா போர்டுக்குப் போனது. பழைய ஸ்பின்னிங் மெஷின்களை விற்பது என்றுதான் முடிவானது என்றார் ஒருவர். இல்லை, குத்தகைக்கு விடுவது என்றார் இன்னொருவர். சேர்மன் அதற்குள் காலமாகிவிட்டார். மினிட்ஸ் புக்கைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு பேருக்கும் அந்த வரி பொருந்தியது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2013 கம்பெனிச் சட்டத்தில் 'மூடிய அமர்வு' என்று தனியாக ஒன்றும் இல்லை. இண்டிபெண்டன்ட் டைரக்டர்கள் (நிர்வாகத்தைச் சாராத வெளியார் இயக்குநர்கள்) வருடத்துக்கு ஒரு முறையாவது நிர்வாகத்தார் இல்லாமல் கூட வேண்டும் என்று நான்காம் அட்டவணை சொல்கிறது. அது வேறு கூட்டம். உங்கள் கம்பெனியில் நடந்தது, போர்டு மீட்டிங்கின் நடுவே கதவைச் சாத்திக்கொண்டது. மீட்டிங் அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. மினிட்ஸ் பற்றிய பிரிவு 118 அந்த முக்கால் மணி நேரத்துக்கும் பொருந்தும். கூட்டத்தில் செய்த நியமனங்கள் எல்லாம் மினிட்ஸில் வர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே மறுநியமனத்தை விட்டுவிட முடியாது.

சேர்மன் "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய இடமும் உண்டு. ஒருவருடைய பெயரைக் கெடுக்கக்கூடியது, சம்பந்தமில்லாதது, கம்பெனியின் நலனுக்குக் கேடானது என்று அவர் கருதுவதை மினிட்ஸில் சேர்க்காமல் விட அவருக்கு முழு உரிமை இருக்கிறது. எம்.டி.யைப் பற்றி உள்ளே யாராவது கடுமையாகப் பேசியிருந்தால் அது வராமல் இருப்பதே நல்லது. யார் என்ன சொன்னார் என்று வார்த்தைக்கு வார்த்தை எழுதும்படி போர்டு மீட்டிங்குகளுக்கான செக்ரட்டேரியல் ஸ்டாண்டர்டு (எஸ்.எஸ்.-1) கேட்கவும் இல்லை. ஆனால் ஒரு தீர்மானத்தை ஏற்காத டைரக்டரின் பெயர் மினிட்ஸில் இருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. சேர்மனின் அந்த உரிமை இந்த அளவுக்கு நீளாது என்பதே என் கருத்து.

போன் செய்த டைரக்டருக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவர் இண்டிபெண்டன்ட் டைரக்டராக இருந்தால், நாளை பிரச்சினை வரும்போது பிரிவு 149(12)-இன்படி அவருக்குத் தெரிந்து நடந்ததா, அவர் சம்மதித்தாரா, கவனமாக நடந்துகொண்டாரா என்றுதான் பார்ப்பார்கள். அப்போது அவர் கையில் இருக்கப்போவது உங்கள் மினிட்ஸ்தான். ஆனாலும் போனில் சொன்னதை வைத்து எழுதாதீர்கள். மினிட்ஸின் டிராஃப்ட் வந்ததும் அதற்குப் பதிலாக இதை எழுத்தில் கொடுங்கள் என்று அவரிடம் கேளுங்கள்.

நீங்கள் வெளியே இருந்தபோது உள்ளே குறிப்பெடுத்தது யார்? இதை முதலில் சேர்மனிடம் கேளுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால், உள்ளே இருந்த ஒருவர் இப்போதே அரைப் பக்கம் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுத் தரட்டும். அதை வைத்து நீங்கள் எழுதவேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான்:

"மாலை 4.10-க்கு நிர்வாக இயக்குநரும் தலைவரின் வேண்டுகோளின்படி கம்பெனி செக்ரட்டரியும் அறையை விட்டு வெளியேறினர். நிர்வாக இயக்குநரின் மறுநியமனம், ஊதியம் ஆகியவற்றை வாரியம் விவாதித்தது. இப்பகுதியின் நடவடிக்கைகளை இயக்குநர் திரு. ... குறித்துக்கொண்டார். பின்வரும் தீர்மானம் நிறைவேறியது, இயக்குநர் திரு. ... இதை ஏற்கவில்லை. 4.55-க்கு இருவரும் திரும்பினர்."

அவ்வளவுதான். நேரங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். எம்.டி. தன் சம்பளம் பற்றிய பேச்சில் உட்காரவில்லை என்பதற்கு அந்த இரண்டு நேரங்கள்தான் சாட்சி.

உள்ளே ஏதாவது அறிக்கையைப் பார்த்திருந்தால் அதை மினிட்ஸ் புக்கில் ஒட்டக் கூடாது. அதில் இனிஷியல் போட்டுத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள், மினிட்ஸில் அதன் தலைப்பைக் குறிப்பிட்டால் போதும். சில கம்பெனிகளில் 'சீல் வைத்த கவர்' என்று இன்னொரு மினிட்ஸ் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். போர்டுக்கு ஒரே மினிட்ஸ் புக்தான், பக்க எண் தொடர்ச்சியாக ஓட வேண்டும். ஷேர்ஹோல்டர்கள் பார்ப்பார்களே என்று சேர்மன் பயந்தால், அவர்கள் பார்க்கக்கூடியது பொதுக்குழு மினிட்ஸ் மட்டும்தான், போர்டு மினிட்ஸ் அல்ல என்று சொல்லுங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

வீடியோவில் நடக்கும் மீட்டிங் என்றால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் வெளியேறினாலும் ரெக்கார்டிங் நிற்கக் கூடாது. அந்த வருட ஆடிட் முடியும் வரையாவது அதை வைத்திருக்க வேண்டும். அந்த ஃபைல் ஐ.டி. பையன் கையில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநியமனம் அஜெண்டாவில் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. 2016 அக்டோபர் 24-இல் டாடா சன்ஸ் போர்டு சைரஸ் மிஸ்திரியைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியபோது அஜெண்டாவில் அதற்கென்று தனி ஐட்டம் இருக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 மார்ச்சில்தான் டாடா பக்கம் முடிந்தது. ஆனால் உங்கள் மீட்டிங் நோட்டீஸை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பிரிவு 196(4)-இன்படி எம்.டி. நியமனத்தின் நிபந்தனைகளும் சம்பளமும் அதில் இருக்க வேண்டும். பழைய சம்பளம் அதில் இருந்து, உள்ளே குறைத்திருந்தால், அடுத்த மீட்டிங்கில் புது நோட்டீஸோடு மறுபடி வைத்துவிடுவதே பத்திரம். சேர்மனிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

மீட்டிங் முடிந்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் டிராஃப்ட் எல்லா டைரக்டர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். ஒரு வாரம் ஓடிவிட்டது. டிராஃப்ட் போனதிலிருந்து ஏழு நாளுக்குள் ஒரு டைரக்டர் எதுவும் சொல்லவில்லை என்றால் அவர் ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும். போன் செய்தவருக்கு இன்றைக்கே இதைச் சொல்லிவிடுங்கள்.