மனம் ஓடினால் ஓடட்டும், திரும்பி வந்தால் போதும்: கேள்வி பதில்

நிகழ்கணத்தில் இருப்பதை, அதாவது இப்போது நடப்பதில் மனதை வைத்துக் கவனிக்கும் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ பயிற்சியைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. பல வருடங்களாகத் தினமும் உட்கார்ந்து பழகி வருகிறேன். நான் மருத்துவன் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண்ணை மூடினால் ஒரு நிமிடம்கூட மனம் நிற்பதில்லை. எனக்கு இதெல்லாம் வராதோ?

யாருக்கும் நிற்பதில்லை. 2010-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2,250 பேரிடம், நாளின் நடுவே திடீர் திடீரென்று, கைப்பேசி வழியாக ஒரு கேள்வி கேட்டார்கள்: “இப்போது செய்யும் வேலையில்தான் மனம் இருக்கிறதா?” கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. ஆகவே உங்கள் மனம் பழுதான மனம் இல்லை, வழக்கமான மனம்.

உட்கார்ந்ததும் நடப்பதைப் பாருங்கள். மூச்சு உள்ளே போகும்போது மூக்கின் நுனியில் லேசான குளிர்ச்சி, வெளியே வரும்போது கொஞ்சம் வெதுவெதுப்பு. இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. அதற்குள் நேற்று ஒருவர் சொன்ன சொல் ஞாபகம் வரும். அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று ஒரு பெரிய வாக்குவாதமே உள்ளே ஓடி முடியும். திடீரென்று, “அடடா, எங்கேயோ போய்விட்டேன்” என்று உறைக்கும். அந்த நொடிதான் பயிற்சி! பலர் அந்த நொடியில் தங்களைத் திட்டிக்கொள்கிறார்கள். வேண்டாம். ‘யோசனை’ என்று மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மூக்கின் நுனிக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் நாற்பது முறை ஓடி நாற்பது முறை திரும்பினால், நாற்பது முறை பழகியிருக்கிறீர்கள் என்று கணக்கு.

கேள்வி: தினமும் எவ்வளவு நேரம்?

பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மற்ற நாளெல்லாம் விட்டுவிடுவதைவிட இது மேல்.

கேள்வி: இது மதம் சம்பந்தப்பட்டதா? எனக்கு நம்பிக்கை கிடையாது.

வேர் பௌத்தத்தில் இருக்கிறது. பாலி மொழியில் இதற்கு ‘ஸதி’ என்று பெயர். ‘ஸ்மிருதி’ என்ற வடசொல்லின் பாலி வடிவம் அது. நினைவு என்பது பொருள். நம் பேச்சிலேயே இது இருக்கிறதே! “நினைப்பெல்லாம் எங்கேயோ இருக்கு”, “சுயநினைவு வந்தது” என்கிறோம். அந்த நினைவுதான் இது. 1979-இல் ஜான் கபட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு இருந்தவர்களுக்காக இதை மதம் கலக்காத ஒரு பயிற்சியாக அமைத்தார். ஒரே ஓர் உலர்திராட்சையைக் கையில் வைத்து உருட்டி, முகர்ந்து, மெதுவாக மென்று சாப்பிடுவது அதில் வரும் புகழ்பெற்ற பயிற்சி. அதற்கு எந்த நம்பிக்கையும் தேவையில்லை.

கேள்வி: வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். உட்காரவே நேரமில்லை.

அப்படியானால் உட்கார வேண்டாம். பாத்திரம் தேய்க்கிறீர்கள் அல்லவா, அதில் ஒரே ஒரு தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மணிக்கட்டில் படுவது, நுரையின் வழுவழுப்பு, விளிம்பில் விரல் சுற்றும்போது பிசுக்கு போய் ‘கிரீச்’ என்று சத்தம் வருவது, இவற்றோடு மட்டும் இருங்கள். நடுவில் குழந்தை கூப்பிட்டால் எரிச்சல்படாமல் போங்கள். அந்த நேரத்து நிகழ்கணம் குழந்தையின் முகம்தான்.

கேள்வி: இந்த நொடியில் இரு என்கிறீர்கள். நாளைக்குத் திட்டம் போட வேண்டாமா?

தாராளமாகப் போடுங்கள். தாளை எடுத்து உட்கார்ந்து திட்டம் போடுவதும் இந்த நொடியின் வேலைதான். கவலை அப்படி இல்லை. திட்டம் ஒரு முடிவுக்கு வரும், கவலை செக்குமாடு மாதிரி அதே இடத்தைச் சுற்றும். ஒரே யோசனை மூன்றாம் முறை வந்தால் எழுந்து தண்ணீர் குடியுங்கள்.

கேள்வி: மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடுகிறது. பழைய சம்பவம் ஒன்று கண்முன் வருகிறது.

தயவுசெய்து பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். உங்கள் மீது தவறில்லை. சிலருக்கு மூச்சே பயத்தைக் கிளப்பும். கண்ணைத் திறங்கள். பாதம் தரையில் அழுந்துவதை உணருங்கள், இல்லையென்றால் அறையில் கேட்கும் சத்தங்களை எண்ணுங்கள். மெதுவாக நடப்பதும் நல்லது. அந்தச் சம்பவம் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேசுங்கள். பயிற்சி இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. மனச்சோர்வு நோய் (டிப்ரஷன்) மீண்டும் மீண்டும் வருபவர்களுக்கென்றே இந்தப் பயிற்சியையும் உளச்சிகிச்சையையும் சேர்த்த ஒரு முறை உண்டு. அதைப் பயிற்சி பெற்றவரின் துணையோடு செய்யுங்கள்.

கேள்வி: முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

உட்காரும்போது அமைதி வந்ததா என்று பார்க்காதீர்கள். கோபத்தில் பாருங்கள். முன்பெல்லாம் வீட்டில் ஒரு சண்டை நடந்தால் இரண்டு நாள் அதையே மென்றுகொண்டிருப்பேன். போன மாதம் பாதி வாக்கியத்தில் தாடை இறுகியிருப்பது தெரிந்தது. காது சூடாக இருந்தது. வாக்கியத்தை முடிக்காமல், “கொஞ்சம் இரு, மெதுவாகச் சொல்கிறேன்” என்றேன்.